மே லீவுக்குப் பிள்ளைகளோடு பறவை பார்க்க எந்த மலைக்குப் போகலாம்?

கொரட்டூர் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பெரியவள் ஆறாம் வகுப்பு முடிக்கிறாள், சின்னவன் மூன்றாவது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடக்கிறதே, அதற்காகப் பெரியவள் இந்த வருடம் மொட்டைமாடியில் உட்கார்ந்து எண்ணினாள், அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. பால் பாக்கெட் எடுத்து வரச் சொன்னால் கால் மணி நேரம் கழித்து வந்து, எதிர்வீட்டு முருங்கையின் பட்டுப்போன கிளையில் குக்குறுவான் பொந்து தோண்டுகிறது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்கிறாள். சின்னவனுக்குப் பறவை மேல் பெரிய ஆசையெல்லாம் இல்லை. அக்கா எதைப் பார்த்தாலும் அதைத் தான்தான் முதலில் பார்த்ததாக அவன் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்.

மே முதல் பத்து தேதிக்குள் நாலைந்து நாள் மலைப்பக்கம் போகலாம் என்று வீட்டில் பேச்சு. வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் ஊட்டி. எனக்கு மே மாதத்தில் அங்கே போக மனமே இல்லை. கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும், மிச்சம் படகுத்துறை, சாக்லேட் கடை, திரும்பி வரும்போது பிள்ளை ஒரு பறவையைக்கூட நிதானமாகப் பார்த்திருக்க மாட்டாள். தெரிந்த ஒருவர் வேறு, மே மாதம் பறவையே இருக்காது, அரையாண்டு லீவில் போயிருக்க வேண்டும் என்று சொல்லிக் குழப்பிவிட்டார். அது உண்மையா?

கூடவே மாமியார் வருகிறார், முழங்கால் வலி, ஏற்ற இறக்கம் ஆகாது. சின்னவனுக்கு வளைந்து வளைந்து போகிற பாதை என்றால் வாந்தி நிச்சயம். பைனாகுலரும் வாங்க வேண்டும், கடையில் போய் நின்றால் எட்டு, பத்து, இருபது என்று என்னென்னவோ சொல்கிறார்கள். சென்னையிலிருந்து ரயிலில் போய் இறங்கி, கொஞ்ச தூரம் வண்டி பிடித்தால் போதும் என்கிற மாதிரி இடமாக இருந்தால் புண்ணியம்.


சேர்வராயன்:

ஏற்காடு. யோசிக்கவே வேண்டாம். நான் சேலத்துக்காரன், பிழைப்புக்கு முகப்பேரில் கிடக்கிறேன், ஊர்ப்பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

முதலில் சீசன் சந்தேகம். மே மாதம் பறவை இருக்காது என்று சொன்னவர் வலசைப் பறவைகளை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். இலைக் கதிர்க்குருவிகள், பழுப்புக் கீச்சான், சாம்பல் வாலாட்டி, ஆறுமணிக்குருவி இவையெல்லாம் குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிட்டு ஏப்ரல் வாக்கில் வடக்கே கிளம்பிவிடும், அந்த அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் வருடம் முழுக்க மலையிலேயே இருக்கிற பறவைகளுக்கு இதுதான் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற காலம். ஆண் பறவை கண்ணுக்குத் தெரிகிற கிளையில் உட்கார்ந்து விடாமல் பாடும், இரை தூக்கிக்கொண்டு போகிற பறவை ஒரே வழியில் திரும்பத் திரும்ப வரும். புதிதாகப் பார்க்கத் தொடங்குகிற பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? டிசம்பரில் போனால் இனங்கள் கூடுதலாகக் கிடைக்கும்தான், ஆனால் அந்தக் கூடுதலில் நிறைய, உச்சாணிக் கிளையில் பச்சையும் பழுப்புமாகத் துள்ளுகிற கதிர்க்குருவிகள். பெரியவர்களே அதில் திணறுவார்கள்.

ஏற்காடு கிழக்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவு. சென்னையில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்கு முன்பே சேலத்தில் இறக்கிவிடும், அந்த நேரத்தில் பிள்ளைகளை எழுப்பி, மாமியாரையும் வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் உட்கார வேண்டாம் என்றால் மதியம் கிளம்புகிற கோவை வந்தே பாரத் பிடியுங்கள், பொழுது சாய்வதற்குள் சேலம் வந்துவிடலாம். மலை ஏறும்போது சின்னவனை டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள், கையில் போன் கொடுக்காதீர்கள், வாந்தி பாதி குறையும்.

இப்போது பறவைக்கு வருகிறேன். ஏரிப்பக்கம் ரூம் போடாதீர்கள். ஊரைச் சுற்றி வருகிற லூப் ரோடு ஒன்று இருக்கிறது, 32 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் காபித் தோட்டம். காபிக்கு நிழலாக சில்வர் ஓக்கும் பலாவும் நிற்கும், அதன் மேல் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். அந்தப் பக்கம் தோட்டத்துக்குள் இருக்கிற சின்ன விடுதியாகப் பார்த்துப் பிடியுங்கள். காலை ஆறிலிருந்து எட்டரை வரை அந்த ரோட்டிலேயே நடந்தால் போதும், பெரும்பாலும் சமதளம், மாமியாரும் கொஞ்ச தூரம் வரலாம். சிவப்பு மீசைச் சின்னான் கணக்கில்லாமல் இருக்கும். சின்னக் குக்குறுவான் குர்ர்ர் என்று ஆரம்பித்து குட்ரூ குட்ரூ என்று காது வலிக்கிற வரை கத்தும், ஆனால் இலையோடு இலையாகப் பச்சையாக உட்கார்ந்திருப்பதால் ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சின்னவனை இதைத் தேட விடுங்கள், அக்காவுக்கு முன்னால் கண்டுபிடித்தால் அவனுக்கு அன்றைக்குத் தீபாவளி. மின்சிட்டு ஜோடியாக வரும், ஆண் செக்கச்செவேல், பெண் மஞ்சள், இரண்டும் இரண்டு வேறு பறவை என்றுதான் பிள்ளைகள் சாதிப்பார்கள், சாதிக்கட்டும்.

முக்கியமானது சீகாரப் பூங்குருவி. மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது. தூரத்தில் வெறும் கறுப்பு, வெயில் பட்டதும் நெற்றியிலும் தோளிலும் கருநீலம் பளிச்சென்று எழும்பும். ஓடை, ஈரப்பாறை இருக்கிற இடத்தில் பொழுது புலர்வதற்கு முன்பே சீட்டியடிக்கத் தொடங்கிவிடும். பாட்டு பாதி மறந்துபோன பையன் ஒருவன் யோசித்து யோசித்து விசிலடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற மாதிரியே இருக்கும். வெள்ளைக்காரர்களும் இதற்கு விசிலடிக்கும் பள்ளிக்கூடப் பையன் என்றுதான் பட்டப்பெயர் வைத்தார்கள். இதற்காகவே ஒரு நாளாவது ஐந்தரைக்கு எழுந்திருங்கள்.

இன்னொன்று, மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவைத் தாண்டி உலகில் எங்கேயும் கிடையாது, அதிலும் பாறையும் புதரும் கலந்த வறண்ட சரிவில் மட்டும்தான் இருக்கும். அழியக்கூடிய ஆபத்தில் உள்ள இனம் என்று சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. மேலே காபித் தோட்டத்தில் தேடிப் பயனில்லை, மலைப்பாதையில் கீழே இறங்கும்போது பாறைச் சரிவுகளில் கவனியுங்கள். கிடைத்தால் மகள் பேறுபெற்றவள்.

மே மாதம் கோடை விழா, மலர்க்கண்காட்சி, சேர்வராயன் கோயில் திருவிழா எல்லாம் வரும். தேதி பார்த்து அதைத் தவிர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.


சோலைமந்தி:

சேர்வராயன் சார் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, மஞ்சள்தொண்டைச் சின்னான் ஒன்றை விட்டுப் பார்த்தால் அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி மற்ற மலைகளிலும் கிடைக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். மே மாதம் உள்ளூர்ப் பறவைகளின் காலம் என்றால், அதில் உச்சம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுதான், உயரத்தில் மலை மடிப்புகளில் எப்போதும் பச்சையாக அடர்ந்து நிற்கிற காடு. பிள்ளைக்கு இவ்வளவு ஆர்வம் இருக்கும்போது, வேறெங்கேயும் பார்க்க முடியாததைக் காட்டுங்கள் அம்மா.

நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது, 30-40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடரே அறுந்து சமவெளியாகக் கிடக்கும் இடம். குளிர்ந்த சோலையை விட்டு வெளியே வராத பறவைக்கு அந்த வெக்கையைத் தாண்ட வழி கிடையாது. அதனால் வடபக்கம் ஒரு இனம், தென்பக்கம் இன்னொரு இனம் என்று பிரிந்து போயிருக்கின்றன. கோத்தகிரியில் நீங்கள் பார்ப்பது நீலகிரிச் சிரிப்பான், மார்பு செம்பழுப்பு. கொடைக்கானலில் பழனிச் சிரிப்பான், மார்பு சாம்பலில் மெல்லிய கோடுகள். சோலைக்கிளியும் அப்படித்தான், பெயர் கிளி என்றாலும் கிளி கிடையாது, தரையோரம் தத்துகிற கருநீலச் சின்னப் பறவை. தெற்கே இருப்பதற்கு வயிறு வெள்ளை, நீலகிரியில் இருப்பதற்கு வயிற்றோரம் செம்பழுப்பு. 2017-இல்தான் மரபணு ஆய்வு செய்து, சோலைக்கிளிகளுக்கும் இந்தச் சிரிப்பான்களுக்கும் தனித்தனிப் பேரினமே கொடுத்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும், வரைபடத்தை விரித்து வைத்து அந்த இடைவெளியை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

ஊட்டி வேண்டாம் என்று நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கோத்தகிரிக்குப் போங்கள். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு கிளம்பி விடிகாலை மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ்ஸோ வண்டியோ பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் கோத்தகிரி. ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர், வனத்துறையிடம் அனுமதி வாங்கி உள்ளே போகலாம். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் அங்கே முழங்கால் உயரப் புதரில் உட்கார்ந்திருக்கும், ஆள் அசையாமல் நின்றால் அதுவும் அசையாது, உச்சாணிக் கொம்பைப் பார்த்துக் கழுத்து வலிக்கிற வேலை இல்லை. உடம்பெல்லாம் ஆரஞ்சு, தலையும் இறக்கையும் மட்டும் கறுப்பு. குன்னூர் சிம்ஸ் பூங்காவும் பக்கம்தான். 1874-இல் தொடங்கிய பூங்கா, பழைய மரங்கள் நிறைய, கதவு திறந்தவுடன் போய்விட்டால் கூட்டம் வருவதற்குள் நீலகிரி ஈப்பிடிப்பானைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். உட்கார பெஞ்ச் உண்டு, ஆனால் பூங்கா முழுக்கப் படிப்படியாக இறங்கும், மாமியாரை மேல்பக்கமே உட்கார வையுங்கள்.

கொடைக்கானல் என்றால் ஊருக்குள்ளேயே பாம்பே சோலை இருக்கிறது. அதன் ஓரத்து ரோட்டில் காலையில் நின்றாலே பழனிச் சிரிப்பான் குரல் கேட்கும்.

இரண்டு விஷயம் கவனம். ஒன்று, இந்த இரண்டு இடத்திலும் காட்டுமாடு ரோட்டுக்கே வரும். மாடுதானே என்று பிள்ளைகள் கிட்டே போய்விடக் கூடாது, அது நின்றால் நீங்களும் நில்லுங்கள், வந்த வழியே திரும்புங்கள். இரண்டாவது, இ-பாஸ். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டாயம், காசு கிடையாது, ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள், நீலகிரிக்கு வார நாளில் 6000 வண்டி, வார இறுதியில் 8000, கொடைக்கானலுக்கு 4000, 6000. அரசு பஸ்ஸில் போனால் இந்தத் தலைவலியே இல்லை.


பள்ளிக்கரணை ரவுண்டு:

எதற்கு மலை? கொரட்டூரிலிருந்து கிளம்பி அதிகாலை பள்ளிக்கரணைக்கு வாருங்கள். மே மாதம் நீளவால் இலைக்கோழிக்குத்தான் வால் நீண்டிருக்கும், கழுத்துப் பின்னால் பொன் நிறம் ஏறியிருக்கும், தாமரை இலை மேல் நடந்து போகும். நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து எல்லாம் ரோட்டில் நின்றே பார்க்கலாம். பத்தாயிரம் இருபதாயிரம் செலவு பண்ணி மலைக்குப் போய்ப் பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டு வருவதற்கு இது எவ்வளவோ மேல். வேடந்தாங்கல் வேண்டாம், இப்போது தண்ணீர் வற்றிக்கொண்டு வரும், அது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை.


திருவான்மியூர் டீச்சர்:

மேலே எழுதியவர் கொஞ்சம் வெடுக்கென்று சொல்லிவிட்டார், ஆனால் விஷயம் உண்டு. மலைக்குப் போவதற்கு முன்பு ஏப்ரலிலேயே பள்ளிக்கரணையிலோ நன்மங்கலம் காட்டோரத்திலோ ஒரு காலை பைனாகுலரைப் பழக்கிவிடுங்கள். தண்ணீர்ப் பறவை பெரிது, ஓரிடத்தில் நிற்கும், பழக வசதி. பழகாமல் நேராகச் சோலைக்குப் போனால் பிள்ளை கண்ணாடிக்குள் இலையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பைனாகுலரில் எழுதியிருக்கும் இரண்டு எண்ணில் முதலாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பெரியவர்களுக்கு 8×42 அல்லது 8×40. பத்து மடங்கு எடுத்தால் கை ஆடுகிற ஆட்டமும் பத்து மடங்காகத் தெரியும், பார்க்கிற வட்டமும் சிறுத்துப்போகும். கடைக்காரர் இருபது, முப்பது, ஜூம் என்று எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மகளுக்கு 8×30 அல்லது 8×32 போதும், எடை குறைவு, கழுத்து இழுக்காது. வாங்கும்போது அவளையே கூட்டிப் போங்கள். இரண்டு குழாயையும் முழுக்க நெருக்கி வைத்தால் அவளுடைய இரண்டு கண்ணுக்கும் சேர்ந்து ஒரே வட்டமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், சில மாடல்கள் சின்ன முகத்துக்கு அந்த அளவு நெருங்காது, அப்போது பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும், நமக்கு ஏன் சலிப்பாகிறது என்றே புரியாது.

பழக்க வேண்டியது ஒன்றே ஒன்று. பறவையை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பார்வையை எடுக்காமல் பைனாகுலரைத் தூக்கிக் கண்ணுக்குக் கொண்டு வர வேண்டும். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு மறுபடி மரத்தைத் தேடினால் பறவை போயே போய்விட்டது. மொட்டைமாடியில் காக்கையை வைத்துப் பழகட்டும்.

போனில் மெர்லின் ஆப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம், தென்னிந்தியாவுக்கான தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிட்டால் மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். குரலைக் கேட்டு இன்ன பறவை என்று காட்டும். ஆனால் அது காட்டியதையெல்லாம் நோட்டில் எழுதக் கூடாது என்று முதலிலேயே ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். துடுப்புவால் கரிச்சான் பக்கத்தில் இருந்தால் அது ஏழெட்டுப் பறவை மாதிரி மிமிக்ரி பண்ணும், ஆப்பும் நம்பி ஏமாறும். கண்ணால் பார்த்தால்தான் கணக்கு.

சின்னவனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவனை எட்டு மணிக்கு மேல் நடக்கச் சொல்லாதீர்கள், பாக்கெட்டில் கடலை மிட்டாய் இருக்கட்டும், எறும்புப் புற்று, சிலந்தி வலை, விழுந்து கிடக்கிற இறகு என்று எதற்காக நின்றாலும் நீங்களும் நில்லுங்கள். ஒரு நாளில் ஒரு நடைதான். நான் மாணவர்களைக் கூட்டிப் போய்ப் பார்த்த வரையில், சாயங்காலமும் போகலாம் என்று பெரியவர்கள் ஆசைப்படுகிற இடத்தில்தான் பிள்ளைகளுக்குப் பறவை மேலேயே வெறுப்பு வருகிறது.


கொரட்டூர் அம்மா:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்காரரிடம் இ-பாஸ் கணக்கைப் படித்துக் காட்டினேன், ஊட்டி பேச்சு அடங்கிவிட்டது. டீச்சர், கடைக்கு அவளையே கூட்டிப் போகிறேன், இந்த நெருக்கி வைத்துப் பார்க்கிற விஷயம் யாரும் சொல்லவில்லை.

இன்னும் ஒரு கேள்வி. மகள் இருவாச்சி படத்தைப் பார்த்துவிட்டு வால்பாறை வால்பாறை என்று பிடிவாதம் பிடிக்கிறாள். பெண் பறவை பொந்துக்குள் தன்னையே அடைத்துக்கொள்ளும் என்பது நிஜமா? மே மாதம் போனால் பார்க்க முடியுமா? அப்புறம் ஒரு வீடியோவில் போனில் பறவைக் குரலைப் போட்டால் பறவை கிட்டே வரும் என்று காட்டினார்கள், செய்யலாமா?


ஆழியாறு:

நிஜம்தான். இருவாச்சி ஜோடி பெரிய மரப்பொந்தைத் தேர்ந்தெடுக்கும், பெண் உள்ளே போனதும் தன் எச்சம், மண் இதையெல்லாம் வைத்து வாசலைப் பூசிவிடும், ஆணின் அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். உள்ளேயே இறகையும் உதிர்த்துவிட்டுப் புது இறகு முளைக்க விடும். இரண்டு மூன்று மாதம் ஆண்தான் அத்திப்பழமாகக் கொண்டு வந்து ஊட்ட வேண்டும், ஆணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருக்கிற குடும்பம் அதோகதி. ஜனவரி வாக்கில் அடைந்தால் ஏப்ரல், மே மாதத்தில் குஞ்சு வெளியே வருகிற நேரம். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே அவை பறந்து போனால் இறக்கைச் சத்தம் முதலில் கேட்கும், நீராவி எஞ்சின் மாதிரி புஸ் புஸ் என்று, அதற்கப்புறம்தான் தலையைத் தூக்கிப் பார்ப்போம்.

ஆனால் இந்த முறை வால்பாறை வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். சென்னையிலிருந்து ரயிலில் கோவை, அங்கிருந்து பொள்ளாச்சி, ஆழியாற்றுக்கு மேல் நாற்பது கொண்டை ஊசி. உங்கள் சின்னவன் பாவம், மாமியார் முழங்கால் அதைவிடப் பாவம். போய்ச் சேர்ந்த பிறகும் ஏற்காடு மாதிரி இஷ்டத்துக்கு விடிகாலையில் நடக்க முடியாது. தேயிலைக்குள் யானையும் சிறுத்தையும் சாதாரணமாக நடமாடும், நன்றாக வெளிச்சம் வந்த பிறகு உள்ளூர் ஆள் ஒருவர் துணையோடுதான் போக வேண்டும். மகள் எட்டாவது ஒன்பதாவது வரட்டும், அவளும் நீங்களும் மட்டும் போங்கள். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திக் குரங்கும் ரோட்டோரத்திலேயே கிடைக்கும்.

குரல் போடுவது வேண்டவே வேண்டாம், அதுவும் மே மாதத்தில். பறவைக்கு அது வேறொரு ஆண் தன் எல்லைக்குள் நுழைந்துவிட்ட சத்தம். கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு ஓடி வரும், நாம் கிட்டே வந்தது என்று சந்தோஷப்படுவோம், அந்த நேரத்தில் கூட்டில் காக்கை கைவைத்துவிடும். கூடு கண்ணில் பட்டாலும் போட்டோவுக்காகக் கிளையை விலக்காதீர்கள், பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளாமல் நகர்ந்துவிடுங்கள். சில விடுதிக்காரர்களே கூட்டு வாசலில் ஆளை நிறுத்திப் படம் எடுக்கச் சொல்வார்கள், காசு கொடுத்தோமே என்று போகாதீர்கள்.


சோலைமந்தி:

வால்பாறை விஷயத்தில் ஆழியாறு அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். இப்போது அங்கேயும் இ-பாஸ் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிக்கு மட்டும் நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

சோலையோ காபித் தோட்டமோ, எங்கே போனாலும் ஒன்று. காலையில் அரை மணி நேரம் நடந்தும் ஒன்றுமே கண்ணில் படவில்லை, மகள் முகம் சுருங்குகிறது என்றால் அங்கேயே நில்லுங்கள். மலைக்காட்டில் பறவைகள் பல இனம் சேர்ந்து கூட்டமாக இரை தேடிக்கொண்டு நகரும். முதலில் வெள்ளைக்கண்ணிகள் ட்சீ ட்சீ என்று கிளைக்குக் கிளை வரும், கூடவே பட்டாணிக்குருவி, மரத்தில் தலைகீழாக இறங்கி வருகிற நீலநிறப் பசை எடுப்பான், மேலே மின்சிட்டு, கீழே புதரில் சிலம்பன். பத்து நிமிஷத்துக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாது, அதன்பிறகு மறுபடி காடு காலி. அந்தக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓடினால் எல்லாவற்றின் முதுகும்தான் கிடைக்கும். கொஞ்சம் முன்னால் போய் நின்றுகொண்டால் அதுவே உங்களைத் தாண்டிப் போகும். மே மாதம் கூடு கட்டுகிற ஜோடிகள் பிரிந்திருக்கும், அதனால் கூட்டம் குளிர்காலம் அளவுக்குப் பெரிதாக இருக்காது, ஆனாலும் கிடைக்கும்.


கொரட்டூர் அம்மா:

இன்றைக்கு இரவு சாப்பாட்டில் வைத்துப் பேசி முடித்துவிட்டோம். ஏற்காடு. வளைவு குறைவு, மாமியாருக்குச் சமதளம், ரயில் சேலம் வரை ஒரே தடவை ஏறி இறங்குவது. சோலைமந்தி தம்பி கோபித்துக்கொள்ளாதீர்கள், மகள் பாலக்காட்டுக் கணவாயை அட்லஸில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள், கோத்தகிரி அடுத்த வருடத்துக்கு அவளே எழுதி ஒட்டிவிட்டாள்.

ஒரே ஒரு கவலை. நாங்கள் மூன்று பேரும் காலையில் நடக்கப் போனால் மாமியார் ரூமில் தனியாக என்ன செய்வார்? வீட்டுக்காரர் எப்படியும் எட்டு மணி வரை தூங்குவார், அவரை நம்பி விட முடியாது.


சேர்வராயன்:

அதுதான் சுலபம் அக்கா. வராந்தா இருக்கிற ரூமாகக் கேட்டு வாங்குங்கள், முன்னால் மரம் இருக்க வேண்டும் என்று சொல்லியே கேளுங்கள். போன உடனே ஒரு அகலமான மண் தட்டிலோ பழைய தாம்பாளத்திலோ இரண்டு விரல்கடைத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வைத்து, புதருக்குப் பக்கமாக வைத்துவிடுங்கள். பூனை நாய் நடமாட்டம் இல்லாத இடமாக இருக்கட்டும். மே மாத வெயிலில் சின்னான், தேன்சிட்டு, வெள்ளைக்கண்ணி எல்லாம் குளிக்க வரும், அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி நம்மைவிட அதிகம் பார்த்துவிடுவார்கள். பக்கத்தில் பழுத்த ஆலோ அத்தியோ இருந்தால் இன்னும் விசேஷம், குக்குறுவான்கள் அங்கேயே குடியிருக்கும். பகலில் வெயில் ஏறின பிறகு எல்லாருமாகத் தாவரவியல் ஆய்வுத்துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்கு ஒரு நடை போய் வரலாம், அதிகம் ஏற வேண்டியிருக்காது.

மதியத்துக்கு மேல் கோடை மழை இடியோடு வரும், குடை எடுத்துக்கொள்ளுங்கள், பைனாகுலருக்கு ஒரு பிளாஸ்டிக் கவரும். காலையில் குளிரும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வேண்டும், ஆனால் அந்தச் சிவப்பு, மஞ்சள் ஸ்வெட்டர் வேண்டாம், பச்சை, பழுப்பு என்று மங்கலான நிறமாக இருந்தால் பறவை கிட்டே விடும்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது, மே மாத லீவுக்கு அன்றைக்குக் காலையே உட்கார்ந்துவிடுங்கள், திரும்பி வருகிற டிக்கெட்டை மறந்துவிடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேலத்திலிருந்து சென்னைக்கு இடம் கிடைப்பது சீகாரப் பூங்குருவியைவிட அபூர்வம். தோட்டத்து விடுதியில் பேசும்போது காலை ஆறு மணிக்குக் கேட் திறப்பார்களா என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள், சில இடங்களில் எட்டு மணி வரை பூட்டி வைத்துவிட்டு வாட்ச்மேனைத் தேட விடுவார்கள்.